விசிறிச் சத்தம் தாவிய இடம்

யுத்தம் மறுபடியும் தொடங்கியிருந்த காலம் அது. தெமோதரைக்கும் ஹாலிஎலவுக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தோம். என் கணவர் தோட்ட அலுவலகத்தில் கிளாக்கர். நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. எங்களுக்கு ஒரே மகள், அப்போது இருபது வயது தாண்டியிருந்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கண்ணிலும் பார்வை போனவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை ஒரு வேனில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்ப இருந்தோம். துணிமணியெல்லாம் பையில் வைத்தாயிற்று. அந்தப் பயணம் எப்படி நின்றுபோனது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. பால்காரர் வழக்கத்தை விட அதிகமாகச் சிரித்தால், இன்றைக்குத் தண்ணீர் கூடிவிட்டதோ என்று பாத்திரத்தைச் சாய்த்துப் பார்ப்பேன். "அம்மாவுக்கு மழ பெஞ்சாக்கூட யாரோ மேல இருந்து வேணும்னே ஊத்துறாங்கன்னுதான் தோணும்" என்று மகள் கேலி செய்வாள். வீட்டில் என் சந்தேகத்துக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

மகள் பார்வையற்றோர் பாடசாலையில் படித்துவிட்டு, கொழும்பில் கணினிப் பயிற்சி ஒன்றையும் முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கணவர் பதுளை டவுனில் ஒரு பழைய கணினி வாங்கிக் கொடுத்தார். திரையில் வருவதையெல்லாம் வாய்விட்டு வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் ஒன்றை மகள் அதில் போட்டுக்கொண்டாள். கூடவே, ஒலியைப் பதிவு செய்து வெட்டி ஒட்டும் மென்பொருள் ஒன்றும் இருந்தது.

அந்தக் கணினியைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காரணம் இதுதான்: அவள் திரையைப் போடவே மாட்டாள். கறுத்துக் கிடக்கும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, படபடவென்று தட்டிக்கொண்டிருப்பாள். திடீரென்று தனக்குள் சிரிப்பாள். மற்றப் பிள்ளை என்றால் பின்னால் போய் நின்று என்ன செய்கிறது என்று எட்டிப் பார்க்கலாம். இங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. கேட்பதற்கும் ஒன்றுமில்லை. அந்த மேசைக்கு முன்னால் கண் தெரியாமல் நின்றது நான்தான்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தேன். உள்ளே ஓர் ஆண்குரல். மூச்சு விடாமல், நாய் துரத்துவதைப்போல ஓடிக்கொண்டே பேசியது.

"யாரு இந்த ஆளு?"

"ஆளு இல்லம்மா, மிஷினு. திரையில இருக்கிறத இங்கிலீஷ்ல வாசிக்குது."

"அதுக்கு ஏன் இவ்வளவு அவசரம்?"

"மெதுவா பேசவிட்டா எனக்குத் தூக்கம் வந்துரும்."

தோட்டத்தில் இங்கிலீஷில் அதிகாரம் பண்ணுகிறவர் மேனேஜர் தொரை ஒருவர்தானே? அதனால் அந்தக் குரலுக்கு எங்கள் வீட்டில் "தொரை" என்றே பெயர் விழுந்துவிட்டது.

கொஞ்ச நாளில் அவளுக்கு வேலையும் கிடைத்தது. முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போவார்களே, கடை விளம்பரம், கோயில் திருவிழா அறிவித்தல் எல்லாம், அதற்குக் குரல் கொடுத்து, பின்னால் இசை சேர்த்து, சீடியில் போட்டுக் கொடுப்பாள். அவள் குரல் நன்றாக இருக்கும். ஹாலிஎல கடைவீதியில் என் மகளின் குரல் தீபாவளிச் சேலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டு என்னைக் கடந்து போகும்போது, பெருமையில் பஸ்ஸைக்கூட விட்டிருக்கிறேன்.

அந்தத் தீபாவளி சமயத்தில்தான் ஒரு கூத்து நடந்தது. சோதனைச் சாவடி ஒன்றில் விளம்பர வண்டியை மறித்து, சாரதியை இறக்கி, ஒலிபெருக்கியில் என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். சேலை விளம்பரம் என்றிருக்கிறார். "பெண்பிள்ளை பேசுவதற்குப் பின்னால் ஓர் ஆம்பிளை இங்கிலீஷில் இரகசியமாக நம்பர் சொல்கிறானே, அது யார்?" என்று கேட்டிருக்கிறார்கள். சீடியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால், உண்மையிலேயே மகளின் குரலுக்கு அடியில் ஒருவர் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். யார் தெரியுமா? எங்கள் தொரைதான்!

சாரதி நல்ல மனிதர். விஷயத்தை விளக்கி, அவர்களையும் சிரிக்க வைத்துவிட்டு வந்து சேர்ந்தார். "பாப்பா, அடுத்த தடவ ஒங்க ஆள கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருக்கச் சொல்லுங்க. என்னைய உள்ள வச்சிருப்பாங்க" என்றார். நான் சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் தமிழ் ஆள் ஒருவரின் ஒலிபெருக்கியில் இரகசியக் குரல் கேட்பது சிரிக்கிற விஷயம் இல்லை.

நடந்தது இதுதான். மலிவான ஹெட்போன் என்பதால் தொரையின் குரல் வெளியே கசிந்து மைக்குக்குள் போயிருக்கிறது. திருப்பிப் போட்டுக் கேட்டபோது மகளுக்கு அது தெரியவில்லை. தொரை எந்நேரமும் அவள் காதில் பேசிக்கொண்டேதானே இருக்கிறார்? பதிவுக்குள் இருக்கும் தொரை யார், இப்போது பேசும் தொரை யார் என்று அவளுக்குப் பிரிந்து கேட்கவில்லை. கண் தெரிந்தவர் எவருக்கும் இந்தத் தவறு வந்திருக்காது.

அதன்பின் கணினிக்குள் இரண்டாவதாக ஒரு சவுண்ட் கார்ட் போட்டார்கள். தொரைக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று. இடது காதில் சின்ன இயர்போனில் தொரை. வலது காதில் பெரிய ஹெட்போனில் பதிவு. மைக்கைத் திறக்கும் முன் ஒரு விசையைத் தட்டித் தொரையை ஊமையாக்கிவிடுவாள். "தொரை வாய மூடிட்டாரு, யாரும் பாத்திரத்த உருட்டாதீங்க!" என்று உள்ளிருந்து ஒரு சத்தம் வரும். நான் அடுப்படியில் அப்படியே நிற்பேன். கணினி பற்றி எனக்கு வேறு எதுவும் தெரியாது. ஆனால் பார்வையில்லாத ஒருவர் ஒலிப்பதிவு செய்ய வேண்டுமானால் முதலில் தீர்க்க வேண்டியது இந்தத் தொரையின் பிரச்சினையைத்தான் என்பது மட்டும் மனதில் பதிந்துவிட்டது.

அடுத்த வருடத்தில் ஒருநாள் அந்த மனிதர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். மடிப்புக் குலையாத சட்டை, கொழும்புத் தமிழ், மெதுவான பேச்சு. ஹாலிஎலவில் விளம்பரக் குரலைக் கேட்டு, விசாரித்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். கொழும்பில் ஏசி போட்ட ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறாராம். பார்வையில்லாத பெண்பிள்ளைகள் மட்டுமே வேலை செய்கிறார்களாம். புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்களாம். தங்க இடம், சாப்பாடு, சம்பளம் எல்லாம் உண்டாம். மலைநாட்டுப் பிள்ளைகள்கூட அங்கே இருக்கிறார்களாம்.

மகளின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு வெளிச்சத்தை அதில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவர் அவளுடைய மேசையைப் பார்த்துவிட்டு, "திரை கறுப்பா இருக்கே, பழுதா? நான் வேண்டுமானால் ஒன்று அனுப்புறேன்" என்றார். அந்தக் கேள்வி எனக்குள் எங்கோ முள்ளாகக் குத்தியது. ஏன் என்று அந்த நேரத்தில் பிடிபடவில்லை. தேநீர் ஊற்றப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது மகள் அவரிடம் தொழில் பேசிக்கொண்டிருந்தாள். "சேர், ஒங்க இடத்துல ரெக்கார்ட் பண்றப்ப ஸ்கிரீன் ரீடர் சத்தம் உள்ள போகாம எப்பிடிப் பண்றீங்க? ரெண்டு கார்ட் போட்டிருக்கீங்களா?"

அவர் ஒரு வாய் தேநீர் குடித்தார். "அதெல்லாம் பிரச்சினையே இல்ல மகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெரிய பெரிய திரையாப் போட்டுக் குடுத்திருக்கிறேன். வெளிநாட்டுச் சாமான்."

பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பெரிய திரை!

கணவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். மகள்கூட, முதலாளிக்கு இதெல்லாம் தெரியாது, வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டாளாம். அவர் போகும்போது ஒரு சீடியைக் கொடுத்தார். அங்கே வேலை செய்யும் மூன்று பிள்ளைகள் பேசியது அதில் இருப்பதாகவும், அடுத்த ஞாயிறு தானே வேனில் வந்து மகளைக் கூட்டிப்போவதாகவும் சொன்னார். முதல் ஆறு மாதம் பயிற்சிக்காலம், அதுவரை வீட்டுக்கு விடமாட்டார்கள், பெற்றோர் வந்து பார்க்கவும் தேவையில்லை என்பதை வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் சொன்னார்.

அன்று தொடங்கிய சண்டை வாரம் முழுக்க நடந்தது. அந்த ஆளுக்குக் கண் தெரியாத பிள்ளைகளோடு பழக்கமே இல்லை என்றேன் நான். கணவர் கோபப்பட்டார்.

"ஒனக்கு எவனப் பாத்தாலும் சந்தேகம். காஸ் சிலிண்டர் கொண்டு வர்றவன்ல இருந்து ஆரம்பிச்சி எல்லாருமே கள்ளன். நம்ம ரெண்டு பேருக்கும் அப்பறம் இந்தப் புள்ளைக்கு யாருன்னு நெனச்சிப் பாத்தியா? கடைசி வரைக்கும் இந்தக் குவாட்டர்ஸ்லயே பூட்டி வச்சிருக்கப் போறியா?"

என்னை அசைத்தது மகள் சொன்னதுதான். அவள் சண்டை போடவில்லை. "திருவிழா இருந்தா வேல, இல்லாட்டி சும்மா. இன்னும் எத்தன வருஷத்துக்கு நான் சேலக்கட வெளம்பரம் பேசுறது? எனக்கு வேற யாரும்மா கூப்பிட்டு வேல குடுப்பா?" என்று மட்டும் கேட்டாள். நான் தோற்றுப்போனேன். அவளுடைய உடைகளை நானே மடித்துப் பையில் வைத்தேன்.

சனிக்கிழமை பகல். கணவர் வீட்டில் இல்லை. என்னைச் சமாதானப்படுத்த நினைத்த மகள், "வாங்கம்மா, அந்தச் சீடியக் கேப்போம். அவங்க எவ்வளவு சுத்தமா ரெக்கார்ட் பண்றாங்கன்னு நீங்களே கேளுங்க" என்று கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். மூன்று பெண்பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். நல்ல சாப்பாடு, நல்ல இடம், சந்தோஷமாக இருக்கிறோம், எல்லாரும் வாருங்கள். மூன்றாவது பிள்ளையின் பேச்சு அப்படியே எங்கள் பக்கத்துப் பேச்சு. எந்தத் தோட்டத்துப் பிள்ளையோ.

எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. மகளின் தலை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ஏசி ஸ்டூடியோன்னாரே, ஃபேன் சுத்துது."

அதைக் கணினிக்குள் இறக்கினாள். இடது காதில் தொரை, வலது காதில் அந்தப் பிள்ளை. ஸ்பீக்கரை நிறுத்திவிட்டாள். கறுத்த திரைக்கு முன்னால் நெடுநேரம் குனிந்திருந்தாள். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறாள் என்பது விரல்கள் ஒரே விசைகளைத் தட்டுவதிலிருந்து தெரிந்தது. அவள் முகத்தில் அந்த வாரம் முழுக்க இருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் தன் ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினாள். "பேச்ச விட்டுருங்க. பேச்சுக்குப் பின்னால இருக்கிறதக் கேளுங்க" என்று சொல்லி, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஒலியைக் கூட்டி வைத்திருந்தாள். மின்விசிறி ஒன்று ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக்' என்று தட்டியது. ஒவ்வொரு டிக்குக்கும் மகள் தன் விரலால் என் மணிக்கட்டில் தட்டினாள். டிக், டிக், டிக். நாடி பார்ப்பதுபோல. அந்தப் பிள்ளை, "இங்க சாப்பாடு, படுக்க எடம் எல்லாம் இருக்கு. அம்மா..." என்றாள். உடனே இரண்டு டிக் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது. மகளின் விரலும் இரண்டு முறை விரைந்து தட்டியது. "நான் நல்லா இருக்கேன், கவலப்படாதீங்க" என்று பேச்சு தொடர்ந்தது.

"ஃபேன் ஒரே வேகத்துல சுத்துது. எப்பிடிம்மா தாவும்? நடுவுல வெட்டி எடுத்திருக்காங்க."

"நீயும் வெட்டுவியே?" என்றேன். யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அந்த நேரத்தில் அந்த ஆளுக்காகப் பேசியது நான்தான்.

"நான் இருமல வெட்டுவேன், தடுமாறினத வெட்டுவேன். இங்க அவ 'அம்மா'ன்னு கூப்பிட்டுட்டு, என்னமோ சொல்றதுக்கு மூச்ச இழுக்குறா. மூச்சு பாதிதான் இருக்கு. மீதியக் காணோம்." அவள் இன்னும் என் மணிக்கட்டை விடவில்லை. "மத்த ரெண்டு பேருக்கும் இதே ஃபேன்தான். அதுகள்லயும் தாவுது."

கணவர் வந்ததும் அவர் மணிக்கட்டிலும் தட்டிக் காட்டினாள். அவர் கேட்டார். மறுபடியும் கேட்டார். எழுந்துபோய் வாசலில் நின்றார்.

ஞாயிறு காலையில் வேன் வந்தது. ஜன்னல்களுக்குத் திரைச்சீலை போட்ட வேன். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். மூலையில் இருந்த பையைப் பார்த்ததும் சிரிப்பு இன்னும் பெரிதாகியது.

மகள் வணக்கம் சொல்லிவிட்டு, "சேர், சீடியில கடைசியாப் பேசுற அக்காகிட்ட ஒரு வார்த்த போன்ல பேசலாமா?" என்று கேட்டாள்.

இன்றைக்கு முடியாது, எல்லாரும் பதிவில் இருப்பார்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமையிலா என்றேன். அவசர வேலை என்றார். அப்படியானால் ஒன்றை மட்டும் சொல்லுங்கள் என்று மகள் அந்தத் துண்டைப் பெரிதாக ஸ்பீக்கரில் ஓடவிட்டாள். கூடம் முழுக்க டிக், டிக், டிக், "அம்மா...", டிக்டிக்.

"இந்த எடத்துல என்ன வெட்டினீங்க, சேர்?"

குற்றம் இல்லாத மனிதர் என்றால் என்ன செய்வார்? "என்ன வெட்டு? எனக்கு விளங்கவில்லையே" என்பார். அல்லது, பிள்ளை இருமினாள் என்று ஒரு காரணமாவது சொல்வார். இந்த மனிதர் எதையும் கேட்கவில்லை. சிரிப்பு அப்படியே உதட்டில் காய்ந்தது. கையை நீட்டினார்.

"அந்தச் சீடியத் தாங்க."

என் சந்தேகங்கள் எல்லாம் சேர்ந்து செய்ய முடியாததை அந்த மூன்று சொல் செய்தது. வாரம் முழுக்க அவர் பக்கம் பேசிவந்த என் கணவர் எழுந்து, மகளின் மேசைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அவர் யாரிடமும் குரல் உயர்த்தாதவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நாலு பேர் சத்தம் போட்டாலே ஒதுங்கிப் போகிறவர். "சீடி இங்கயே இருக்கட்டும் சேர். நீங்க போயிட்டு வாங்க" என்றார். குரல் நடுங்கியது. ஆனால் நகரவில்லை.

அந்த மனிதர் எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு அவசரமில்லாமல் நடந்துபோய் வேனில் ஏறினார். எஞ்சின் சத்தம் தேயிலை மலையைச் சுற்றி இறங்கி மறையும்வரை மூவரும் அசையவில்லை. மகள் கை தடவிப் பையைத் தேடி எடுத்து, அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். தப்பித்ததற்கான அழுகை இல்லை அது. போக முடியாமல் போனதற்கான அழுகை. அவளுக்கு அந்த வேலை உண்மையாகவே வேண்டியிருந்தது.

பொலிசில் போய்ச் சொன்னோம். பொறுப்பதிகாரி பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பெயர் உண்மையா? தெரியாது. விலாசம்? இல்லை. வேன் இலக்கம்? மூவரில் ஒருவருக்குக் கண் தெரியாது. கண் தெரிந்த இருவரும் பார்க்கவில்லை. அவர் கொடுத்த தொலைபேசி இலக்கம் அன்று பின்னேரமே வேலை செய்யவில்லை. பூனாகலைப் பக்கம், பண்டாரவளைப் பக்கம் என்று எனக்குத் தெரிந்த ஆசிரியைகளிடமெல்லாம், கண் தெரியாத பிள்ளை யாராவது கொழும்புக்கு வேலைக்குப் போயிருக்கிறதா என்று வருடக்கணக்கில் விசாரித்தேன். ஒரு தகவலும் கிடைக்கவில்லை. அவர் யார், அந்த இடம் எது, அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஒருவேளை நாங்கள் பயந்த அளவுக்கு ஒன்றுமே இருக்கவில்லையோ என்று கணவர் எப்போதாவது சொல்வார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

மகள் இப்போதும் ஒலிப்பதிவு வேலைதான் செய்கிறாள், வீட்டிலிருந்தே. அந்தச் சீடி அலமாரியில் இருக்கிறது. வெட்டி எறிந்த ஒலியைத் திரும்ப எடுக்க வழியுண்டா என்று ஒருமுறை அவளிடம் கேட்டேன். "இல்லம்மா, அது எங்கயுமே இல்ல" என்றாள்.

அந்தப் பிள்ளை தன் அம்மாவிடம் சொல்ல வந்தது என்ன என்று எனக்குத் தெரியப்போவதில்லை. அதனால்தானோ என்னவோ, என் மகள் "அம்மா" என்று கூப்பிட்டு மூச்சை இழுக்கும்போதெல்லாம், கையில் எந்த வேலை இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை காத்து நிற்கிறேன்.